வர்க்கமூலச் சமன்பாடுகளுக்குக் கேசியோ எஃப்எக்ஸ்-991இஎக்ஸ்: எதுவரை நம்பலாம்?

கேசியோவின் கிளாஸ்விஸ் வரிசையில் வந்த எஃப்எக்ஸ்-991இஎக்ஸ் கால்குலேட்டரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அணி, தொகையீடு, புள்ளியியல் என்று அதன் பெரிய வேலைகளையே பேசுகிறார்கள். இங்கே பார்க்கப்போவது ஒரே ஒரு வேலை: வர்க்கமூலக் குறிக்குள் x உட்கார்ந்திருக்கும் எளிய சமன்பாடுகள். √(2x+3) = x மாதிரியானவை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடக் கையால் போட்டுவிடும் கணக்குதான். ஆனால் இந்தக் கருவி எதில் கெட்டி, எதில் காலை வாரும் என்பது இங்கேதான் நன்றாகத் தெரிகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இதில் சமன்பாட்டைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பொய்த் தீர்வைத் தராது, ஆனால் உண்மைத் தீர்வு ஒன்றை விட்டுவிடக்கூடும். மற்றது எதையும் விடாது, ஆனால் பொய்யையும் சேர்த்துக் கொடுத்துவிடும். இரண்டையும் கோத்துப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு இது அருமையான கருவி. ஒன்றை மட்டும் நம்பினால் தவறான விடைதான் மிஞ்சும்.

முதல் வழி, சால்வ். மெனுவில் 1-ஐ அழுத்திச் சாதாரணக் கணக்கீட்டு முறைக்கு வாருங்கள். சால்வ் அங்கே மட்டுமே வேலை செய்யும். √ விசை, 2, x விசை, +, 3. இப்போது வலது அம்புக்குறியை ஒருமுறை அழுத்த வேண்டும். பெரும்பாலான தவறுகள் இந்த ஓர் அழுத்தத்தை மறப்பதால்தான் வருகின்றன. பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே திரையில் வர்க்கமூலக் குறி விரிவதால், அம்புக்குறி அழுத்தாதவரை நீங்கள் தட்டுவதெல்லாம் குறிக்குள்ளேயே சேரும். குறியின் மேல்கோடு எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அடுத்து ஆல்ஃபா, கால்க். இது சமன்பாட்டுக்குள் வரும் சமக்குறி. கீழ்மூலையில் இருக்கும் பெரிய = விசை வேறு, அது கணக்கை ஓட்டுவதற்கு. பிறகு x. கடைசியாக ஷிஃப்ட், கால்க்; இதுதான் சால்வ்.

இப்போது x-க்கு ஒரு தொடக்க மதிப்பைக் கருவி கேட்கும். 0 என்று தட்டி = அழுத்தினால் அது பதிவாகும்; இன்னொருமுறை = அழுத்தினால்தான் தேடல் தொடங்கும். கணநேரத்தில் x = 3 என்று வரும், அதன் கீழே எல்−ஆர் என்ற வரியில் 0 இருக்கும். இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்தைக் கழித்தால் எவ்வளவு என்பதுதான் அந்த எண். பலர் இந்த வரியைப் பார்ப்பதே இல்லை. விடைக்கு நிகரான முக்கியத்துவம் அதற்கு உண்டு: அது 0 ஆகவோ 0-க்கு மிக நெருக்கமாகவோ இல்லையென்றால் மேலே இருக்கும் விடையை எழுதக்கூடாது.

இந்த வழியில் −1 என்ற எண் எங்கேயும் தலைகாட்டாது என்பதைக் கவனியுங்கள். கையால் போட்டால் அது வரும். இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 2x+3 = x², அதாவது x²−2x−3 = 0; தீர்வுகள் 3, −1. ஆனால் −1-ஐ முதல் சமன்பாட்டில் பிரதியிட்டால் இடப்பக்கம் √1, அதாவது 1, வலப்பக்கம் −1. பொருந்தவில்லை. வர்க்கப்படுத்தும்போது √(2x+3) = x என்பதும் √(2x+3) = −x என்பதும் ஒரே சமன்பாடாகிவிடுகின்றன. −1 அந்த இரண்டாவது சமன்பாட்டின் நேர்மையான தீர்வு. வீடு மாறி வந்துவிட்டது, அவ்வளவுதான். சால்வ் வர்க்கப்படுத்துவதே இல்லை. நீங்கள் தட்டிய வடிவத்திலேயே இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாகும் இடத்தைத் தேடுகிறது. அதனால் இந்த வகைப் பொய் அதில் நுழைய வழியில்லை. இது இந்தக் கருவியின் பெரிய பலம்.

இரண்டாவது வழி, சமன்பாட்டு முறை. மெனுவில் ஏ என்று இருப்பதை எடுங்கள். (−) விசையின் மேல் அந்த எழுத்து அச்சாகியிருக்கும். உள்ளே பல்லுறுப்புக் கோவை, படி 2. கெழுக்கள் 1, −2, −3. = அழுத்த அழுத்த 3, −1 என்று இரண்டும் வரிசையாக வரும். எதை நீங்கள் கையால் வர்க்கப்படுத்திக் கொண்டுவந்தீர்கள், எது ஆசிரியர் நேரடியாகக் கொடுத்த இருபடிச் சமன்பாடு என்பது கருவிக்குத் தெரியாது. அதன் கணக்கில் இரண்டும் சரி. சிக்கல் அதோடு முடியவில்லை. மேலும் = அழுத்தினால் 1, அப்புறம் −4 என்று வரும். அவை தீர்வுகள் அல்ல. x²−2x−3 எங்கே மிகச் சிறியதாகிறது, அங்கே அதன் மதிப்பு என்ன என்பதைச் சொல்லும் எண்கள். மேலே சிறிய எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். அவசரத்தில் படிப்பவர் அந்த 1-ஐயும் மூன்றாவது தீர்வாக எழுதிவிடுவார்.

அப்படியானால் இந்த இரண்டாவது வழி எதற்கு? இரண்டு காரணங்கள். முதலாவது, விடை வர்க்கமூல வடிவத்திலேயே கிடைக்கும். √(x+1) = x என்ற சமன்பாட்டுக்குச் சால்வ் 1.618033989 என்றுதான் சொல்லும். தேர்வுத்தாளில் அதை எழுத முடியாது. சமன்பாட்டு முறையில் x²−x−1 = 0 என்று கொடுத்தால் 1+√5, கீழே 2 என்று பின்ன வடிவில் அழகாக வரும். கூடவே 1−√5, கீழே 2 என்பதும் வரும். அது குறை எண் என்பதால் விலக்கிவிட வேண்டியதுதான். இரண்டாவது காரணம், எந்தத் தீர்வும் விட்டுப்போகாது. இதுதான் சால்வின் பலவீனமான இடம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

√(3x−2) = x. வர்க்கப்படுத்தினால் x²−3x+2 = 0; தீர்வுகள் 1, 2. இரண்டையும் பிரதியிட்டுப் பாருங்கள்: √1 = 1, √4 = 2. இரண்டுமே உண்மை. சால்வில் தொடக்க மதிப்பாக 3 கொடுத்தால் 2 வரும், 1.2 கொடுத்தால் 1 வரும். இன்னொன்று இருக்கிறது என்று அது ஒருபோதும் சொல்லாது. தொடக்க மதிப்பைக் கேட்கும்போது x-இன் நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் எண்ணைத்தான் அது காட்டும், அதாவது போன கணக்கின் விடை. அதை மாற்றாமல் = அழுத்துகிற இரண்டு மாணவர்கள், ஒரே மாடல் கருவியில், ஒரே சமன்பாட்டுக்கு வெவ்வேறு விடை எழுத முடியும். இருவர் விடையிலும் எல்−ஆர் 0 என்றே இருக்கும்.

காரணம், சால்வ் உள்ளுக்குள் பயன்படுத்துவது நியூட்டன் முறை. கொடுத்த இடத்தில் வளைவரைக்கு ஒரு தொடுகோடு. அது x அச்சை வெட்டும் இடம் அடுத்த மதிப்பு. அங்கிருந்து மறுபடி தொடுகோடு. √(2x+3) − x என்பதற்கு 0-விலிருந்து புறப்பட்டால் முதலில் 4.098, அடுத்து 3.026, அடுத்து 3.00002 என்று மூன்றே அடியில் ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு வேகம் இருப்பதால்தான் கால்குலேட்டர்களில் இந்த முறையை வைக்கிறார்கள். ஆனால் வர்க்கமூலம் இதற்குப் பிடிக்காத சார்பு. கேசியோவின் கையேடே நியூட்டன் முறையில் தீர்வு கிடைப்பது கடினமாகும் சார்புகளில் ஒன்றாக y = √x-ஐக் குறிப்பிடுகிறது. ஏன் என்று ஒரு வரியில் கணக்கிட்டுப் பார்க்கலாம். √x-இன் சாய்வு 1/(2√x). நியூட்டன் அடி என்பது x − √x × 2√x, அதாவது x − 2x, அதாவது −x. எந்த மிகை எண்ணிலிருந்து புறப்பட்டாலும் அடுத்த அடியே குறை எண்ணில் விழுகிறது. அங்கே வர்க்கமூலத்துக்கு மெய்மதிப்பே கிடையாது.

√x = 3 என்று எடுத்தால் நிலைமை கொஞ்சம் மேல். அடுத்த மதிப்பு 6√x − x. 4-இலிருந்து தொடங்கினால் 8, அப்புறம் 8.97, அப்புறம் 9. ஆனால் 49-இலிருந்து தொடங்கினால் 42 − 49, அதாவது −7; எல்லைக்கு வெளியே. 36-ஐத் தாண்டி எங்கிருந்து தொடங்கினாலும் இதே கதி. 36 என்பது விடையைப் போல நான்கு மடங்கு என்பதைக் கவனித்தால் ஒரு பயனுள்ள பழக்கம் கிடைக்கும்: மறுபக்கம் வெறும் எண்ணாக இருக்கும் வர்க்கமூலச் சமன்பாட்டில் தொடக்க மதிப்பைப் பெரிதாகக் கொடுக்காதீர்கள். மூலத்துக்குள் இருப்பது எந்த இடத்தில் 0 ஆகிறதோ, அதற்குச் சற்று மேலே ஒரு மதிப்பு கொடுங்கள். சரியாக அந்த இடத்திலேயே கொடுக்கவும் கூடாது; √x-க்கு 0-இல் தொடுகோடு செங்குத்தாக நிற்கும், சாய்வு என்று ஓர் எண்ணே இருக்காது.

√(3x−2) = x-இல் இது இன்னும் நுணுக்கமாகிறது. மூலத்துக்குள் 0 ஆகும் இடம் 2/3. ஆகவே 0 என்ற தொடக்க மதிப்பே எல்லைக்கு வெளியே இருக்கிறது; உள்ளே −2 ஆகிவிடும். சரி, 1-க்கும் 2-க்கும் நடுவில் 1.4 கொடுக்கலாமே என்றால், அங்கே வளைவரை கிட்டத்தட்ட உச்சியில் படுத்திருக்கிறது. சாய்வு 0.0113 மட்டுமே. தொடுகோடு வெகுதூரம் ஓடி −5.97-இல் போய் விழும். ஆகவே, இரண்டு தீர்வுகள் இருக்கலாம் என்று தோன்றினால் நடுவிலிருந்து தேடாதீர்கள். ஒருமுறை எல்லையின் அருகிலிருந்தும், ஒருமுறை மேலேயிருந்தும் தேடுங்கள். கணக்குப் பிழை என்றோ தீர்வு காண முடியவில்லை என்றோ செய்தி வந்தால், சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. முதலில் தொடக்க மதிப்பைச் சந்தேகியுங்கள். தொடரவா என்று கேட்டுத் திரை நின்றால், இன்னும் 0-க்கு நெருங்கவில்லை என்று பொருள்; = அழுத்தினால் மேலும் தேடும், ஏசி அழுத்தினால் விட்டுவிடும்.

உண்மையிலேயே தீர்வு இல்லாதவையும் உண்டு. √(x+5) = −2 என்று வந்தால் கருவியைக் கையில் எடுக்கவே வேண்டாம். வர்க்கமூலக் குறி குறை எண்ணைத் தராது. வர்க்கப்படுத்தினால் x = −1 என்று வரும், பிரதியிட்டால் 2 = −2 ஆகும். √(x−2) = x-க்குச் சமன்பாட்டு முறையில் x²−x+2 = 0 கொடுத்தால், கலப்பெண் தீர்வுகளைக் காட்டும் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும் பட்சத்தில், விடையில் i வந்து நிற்கும். அதைக் கண்டதும் மெய்த்தீர்வு இல்லை என்று எழுதிவிடலாம்.

இப்போது இரண்டையும் கோக்கும் முறை. கையால் வர்க்கப்படுத்தி இருபடிச் சமன்பாட்டைக் கொண்டுவாருங்கள். சமன்பாட்டு முறையில் எல்லா வேட்பாளர்களையும், அதாவது தீர்வாக இருக்கக்கூடிய எண்களை, எடுங்கள். பிறகு கணக்கீட்டு முறைக்குத் திரும்பி, வர்க்கப்படுத்தும் முன் இருந்த சமன்பாட்டை ஒரே பக்கமாக மாற்றி √(2x+3) − x என்று தட்டுங்கள், சமக்குறி வேண்டாம். ஷிஃப்ட் இல்லாமல் கால்க் மட்டும் அழுத்தினால் x எவ்வளவு என்று கேட்கும். 3 கொடுத்தால் 0. −1 கொடுத்தால் 2. 0 வராதது பொய். சமக்குறி இல்லாத கோவையைச் சால்வ் தானாகவே 0-க்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளும் என்பதால், இதே வரியை வைத்துத் தேடவும் செய்யலாம், சோதிக்கவும் செய்யலாம். ஷிஃப்ட் மட்டும்தான் வித்தியாசம். இந்த ஒரு வசதிக்காகவே இந்தக் கருவியை மெச்சலாம். ஆனால் அம்புக்குறியை மறந்து −x-ஐயும் குறிக்குள் விட்டிருந்தால் அது √(x+3) ஆகிவிடும், −1-க்கு 1.414 என்று வரும், 3-க்கும் 0 வராது. இரண்டு வேட்பாளர்களுமே பொய் என்று வந்தால் முதலில் குறியின் மேல்கோட்டைப் பாருங்கள்.

ஒரே வர்க்கமூலம் தனியாக ஒரு பக்கம் நிற்கிற சமன்பாட்டுக்குச் சோதனையை இன்னும் சுருக்கலாம். மறுபக்கத்தில் இருக்கும் கோவை 0 அல்லது மிகை எண்ணாக வந்தால் தீர்வு உண்மை. குறை எண்ணாக வந்தால் பொய். அவ்வளவே போதும், மூலத்துக்குள் இருப்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அது ஒரு வர்க்கத்துக்குச் சமமாகிவிட்டது. x + √x = 6 என்பதில் முதலில் மூலத்தைத் தனியாக்கி √x = 6 − x என்று எழுதுங்கள். x²−13x+36 = 0; வேட்பாளர்கள் 4, 9. 6−4 = 2, சரி. 6−9 = −3, போயிற்று. தனியாக்காமல் அப்படியே வர்க்கப்படுத்தினால் 2x√x என்று ஓர் உறுப்பு வந்து கணக்கு முன்னைவிடச் சிக்கலாகும்.

இரண்டு வர்க்கமூலங்கள் உள்ள கணக்கில்தான் கருவியின் துணை அதிகம் தேவைப்படுகிறது, ஏனென்றால் கைப்பிழை அங்கேதான் அதிகம். √(x+7) − √x = 1. ஒன்றை மறுபக்கம் தள்ளினால் √(x+7) = 1 + √x. வர்க்கப்படுத்தினால் x+7 = 1 + 2√x + x; ஆக √x = 3, x = 9. சோதனை: 4 − 3 = 1. இதில் அடிக்கடி நடப்பது, 2√x-ஐ விட்டுவிட்டு வலப்பக்கத்தை 1 + x என்று எழுதுவது. அப்போது 7 = 1 என்று வரும். தீர்வு இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். சால்வில் 1 என்று தொடக்கம் கொடுத்தால் 3.56, 6.83 என்று ஏறி 9-இல் நிற்கும். பிழை உடனே பிடிபட்டுவிடும். ஆனால் 100 கொடுத்தால் அங்கே வளைவரை ஏறக்குறைய கிடைமட்டமாக இருப்பதால் அடுத்த அடி −294-க்குப் பக்கத்தில் போகும். முன்பு சொன்ன விதிதான்: சிறிய பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

தொடக்க மதிப்பு எது என்று தெரியாதவர்களுக்கு மெனு 9-இல் உள்ள அட்டவணை. முதல் சார்பாக √(2x+3), இரண்டாவதாக x. தொடக்கம் −2, முடிவு 5, படி 1. −2-க்கு நேராக முதல் சார்பில் பிழை என்று வரும்; எல்லை எங்கே என்று அதிலேயே தெரிந்துவிடும். −1-க்கு 1-உம் −1-உம். பொய்த் தீர்வின் முகம் இதுதான், அளவு ஒன்று, குறி வேறு. 2-க்கு 2.6458-உம் 2-உம், 3-க்கு இரண்டும் 3, 4-க்கு 3.3166-உம் 4-உம். எங்கே ஒன்றையொன்று தாண்டுகின்றன என்று கண்ணுக்கே தெரிகிறது. ஆசிரியர்களுக்கு இந்த அட்டவணை சால்வைவிடப் பயன்படும். ஷிஃப்ட், ஆப்டின் அழுத்தினால் கியூஆர் குறியீடு வரும். கைப்பேசியில் அதைப் படித்தால் வரைபடமாகவே பார்க்கலாம். வரைபடம் மட்டும்தான் வேண்டும் என்றால் இவ்வளவு செலவு தேவையில்லை. ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் இலவசம், இரண்டு கோடுகளையும் வரைந்து வெட்டும் புள்ளியைக் குறித்துக் கொடுக்கும்.

யார் வாங்கலாம்? தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பொதுத்தேர்வுகளிலோ ஜேஇஇ மெயினிலோ கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது. அந்தப் பிள்ளைகளுக்கு இது வீட்டில் விடை சரிபார்க்க மட்டுமே, அதற்கும் கால்க் சோதனை ஒன்றே போதும். பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்கள் வாங்கும்முன் எந்த மாடலுக்கு அனுமதி என்று தேர்வு விதிகளைப் பார்த்துவிட வேண்டும். அவர்களில் பலர் கையில் இருக்கும் எஃப்எக்ஸ்-991எம்எஸ்-இலும் சால்வ் உண்டு. ஆனால் அதில் எல்லாம் ஒரே வரியில் தெரியும், வர்க்கமூலக் குறி விரியாது. √(2x+3) என்று அடைப்புக்குறியை நீங்களே போட வேண்டும். போடாவிட்டால் 3 மூலத்துக்கு வெளியே போய்விடும். குறி எங்கே முடிகிறது என்று பார்க்க முடிவது ஒன்றே இந்த வகைக் கணக்குக்கு இஎக்ஸின் கூடுதல் விலையை நியாயப்படுத்துகிறது.

அதற்குப் பின் வந்த எஃப்எக்ஸ்-991சிடபிள்யூ இதே வேலையைச் செய்யும், ஆனால் ஷிஃப்ட், கால்க் பழக்கம் அங்கே உதவாது. முகப்புத் திரையில் சமன்பாட்டுச் செயலிக்குள் போய் சால்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணக்கீட்டுத் திரையில் ஒரே வரியை வைத்துத் தேடவும் சோதிக்கவும் முடிந்த அந்தச் சுருக்கமான வசதி குறைந்துவிட்டது. வர்க்கமூலச் சமன்பாடுகளுக்காக இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கடையில் நல்ல நிலையில் இன்னும் கிடைக்கும்வரை இஎக்ஸ்தான். சூரிய ஒளித் தகட்டுடன் ஓர் எல்ஆர்44 பட்டன் பேட்டரியும் உள்ளே இருக்கும். எழுத்துகள் மங்கத் தொடங்கினால் அதை மாற்றிவிடுங்கள்.